சிறு தேனீ வளர்ப்பாளரின் தேன் எடுப்பும் இருப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை வட்டாரங்களில் பத்து முதல் ஐம்பது பெட்டிகள் வரை வைத்துத் தேனீ வளர்ப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனி மாதங்களில் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. எந்தத் தேனை எடுப்பது, எவ்வளவு விடுவது, எடுத்ததை எப்படி வைத்திருப்பது, எப்போது விற்பது என்ற நான்கைச் சுற்றியே அவை வருவதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைத் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன். இங்குள்ள அளவுகள் இந்தியத் தேனீயை நியூட்டன் வகைப் பெட்டியில் வைத்து, ரப்பர் தேனை முதன்மையாக நம்பியிருப்பவர்களுக்கானவை. இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் முறைகளை எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1. பெட்டியில் இருக்கிற தேன் எல்லாமே நமக்குத்தானா? தேனீக்கும் பங்கு உண்டா?

உண்டு. அதுவும் முதலில் கழிக்கப்பட வேண்டிய பங்கு. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் 1910களில் இந்தியத் தேனீக்காக வடிவமைத்த பெட்டியில் கீழே புழு அறையும் மேலே தேன் அறையும் தனித்தனியாக இருக்கின்றன. தேனீக்கள் அடை கட்டும் மரச்சட்டங்களில், புழு அறைச் சட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமும் 14 சென்டிமீட்டர் உயரமும் உடையது; தேன் அறைச் சட்டம் அதே நீளத்தில் 6 சென்டிமீட்டர் உயரமே உள்ளது. தேனீக்கள் புழுவுக்கு மேலே தேனைச் சேர்க்கும் இயல்புடையவை என்பதால், மிகுதியான தேன் தானாகவே மேலறைக்கு ஏறிவிடுகிறது.

ஆகவே மேலறையில் இருப்பதுதான் நம் பங்கு. புழு அறைச் சட்டங்களின் மேல்விளிம்பில் வளைவாகத் தெரியும் தேன் எவ்வளவு திரண்டிருந்தாலும் அது தேனீக் குடும்பத்தின் உணவு, அதைத் தொடக்கூடாது. அந்த அடைகளில் முட்டையும் புழுவும் இருப்பதால், அவற்றைத் தேன் பிரிக்கும் இயந்திரத்தில் இட்டுச் சுற்றினால் தேனோடு புழுச்சாறும் கலந்து தேன் விரைவில் கெடும். அடுத்த தலைமுறைத் தேனீயும் அழியும்.

2. ஒரு பெட்டிக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ என்று எண்ணிக்கொள்ளலாம்?

இந்தியத் தேனீக்கு ஆண்டுச் சராசரியாக 6 முதல் 8 கிலோ என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நல்ல ரப்பர் தோட்டத்தில், தை மாதத்துக்குள் குடும்பம் வலுவடைந்திருந்தால், இதைவிட மிகுதியாகவும் கிடைக்கும். ஆனால் கடன் வாங்குவதற்கும் பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் போடும் கணக்கில் 6 கிலோவையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல ஆண்டை அளவாக வைத்துச் செலவு செய்தவர்கள்தாம் மோசமான ஆண்டில் பெட்டிகளை விற்கும் நிலைக்கு வருகிறார்கள்.

3. ரப்பர் இன்னும் பூக்கவே இல்லை, ஆனால் தேன் வருகிறதே, எங்கிருந்து?

இலையிலிருந்து. மார்கழி, தை மாதங்களில் இலையுதிர்க்கும் ரப்பர் மரம் மீண்டும் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சிறு சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீர் கசிகிறது. செம்பு நிறத்தில் உள்ள கொழுந்து பச்சையாகி முற்றும் வரைதான் இந்தக் கசிவு இருக்கும். பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் முழுவதும், சில தோட்டங்களில் ஏப்ரல் வரையிலும் நம் தேன் வரத்துக் காலம் அமைவதற்கு இதுவே காரணம்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. துளிர்க்கும் நாட்களில் மழை பெய்தால் கசிந்த இனிப்பு நீர் கழுவப்பட்டுவிடும்; கொழுந்தில் சாம்பல் நோய் விழுந்து இலை உதிர்ந்தாலும் வரத்து நின்றுவிடும். மற்றொன்று, ரப்பரிலிருந்து மகரந்தம் போதிய அளவில் கிடைப்பதில்லை. புழு வளர்க்க மகரந்தம் வேண்டும் என்பதால், தென்னையும் தொட்டாச்சிணுங்கியும் அருகில் உள்ள தோட்டங்களில் வைத்த பெட்டிகள் வரத்துக் காலத்திலும் வலுக்குறையாமல் நிற்கின்றன. தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ரப்பரை மட்டும் பார்க்காமல் அதன் ஓரங்களையும் பார்க்க வேண்டும்.

4. அடை முழுக்க மூடினால்தான் எடுக்க வேண்டுமா? பாதி மூடியிருந்தால் போதாதா?

பாதி போதாது. அடையின் அறைகளில் குறைந்தது முக்கால் பங்கு மெழுகால் மூடப்பட்டிருக்க வேண்டும். இனிப்பு நீரில் உள்ள தண்ணீரைத் தேனீக்கள் இறகால் விசிறி வற்றவைத்து, போதிய பதம் வந்த பிறகே அறையை மூடுகின்றன. மூடப்படாத அறையில் இருப்பது பெரும்பாலும் தேனாகிக்கொண்டிருக்கும் நீரே. ஐயம் இருந்தால், தேனீக்களை மெல்லத் துலக்கிவிட்டு, சட்டத்தைப் படுக்கையாகப் பிடித்து ஒருமுறை உதறிப் பாருங்கள். துளிகள் சிதறினால் அந்த அடையை மீண்டும் உள்ளே வைத்துவிட வேண்டும்.

அன்றைய புது இனிப்பு நீர் வந்து சேர்வதற்கு முன், காலையிலேயே எடுப்பது நல்லது. மழை பெய்த மறுநாள் எடுக்கவே கூடாது.

5. எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம்? பக்கத்துத் தோட்டக்காரர் ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்.

நாளைக் கொண்டு முடிவு செய்யாமல் அடையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். வரத்து உச்சத்தில் இருக்கும்போது வலுவான குடும்பம் 7 முதல் 10 நாட்களில் மேலறையை நிரப்பி மூடிவிடும். வலுக்குறைந்த குடும்பத்துக்கு இருமடங்கு நாளும் ஆகலாம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் திறந்து எடுத்துவிடும் வழக்கம் ஆள்கூலியை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மைதான்; ஆனால் அதுவே நம் பகுதித் தேனின் ஈரப்பதம் கூடுவதற்கு முதற்காரணமாகவும் இருக்கிறது.

விரைந்து எடுப்பவருக்கு எடை கூடுதலாகக் கிடைப்பது போலத் தோன்றும். அந்தக் கூடுதல் எடை என்ன என்பதைப் பத்தாம் விடையில் கணக்கோடு காட்டியிருக்கிறேன்.

6. கடைசி எடுப்பில் எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்?

இந்தத் தொகுப்பில் எல்லாவற்றையும்விட முதன்மையான கேள்வி இதுதான். இலை முற்றியதும் வரத்து படிப்படியாகக் குறையாது. சில நாட்களிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை வந்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை தேனீ வெளியே பறக்க முடியாத நாட்கள் தொடர்ந்து வரும். அந்தப் பஞ்சகாலத்துக்கு வேண்டிய உணவோடு குடும்பம் மழைக்குள் நுழைய வேண்டும்.

நான் பரிந்துரைக்கும் அளவு இது: புழு அறையில் உள்ள ஒவ்வோர் அடையின் மேற்பகுதியிலும் குறைந்தது இரண்டு விரல் அகலத்துக்கு மூடிய தேன் இருக்க வேண்டும். அதற்கு மேல், தேன் அறையின் ஏழு சட்டங்களில் இரண்டு அல்லது மூன்றை நிறைந்த நிலையிலேயே விட்டுவிட வேண்டும். புழு அறையில் அந்த இரண்டு விரல் தேன் இல்லாத குடும்பத்திடமிருந்து கடைசி எடுப்பே வேண்டாம்.

இந்தியத் தேனீயின் இயல்பை நினைவில் வைத்தால் இந்தக் கண்டிப்பின் காரணம் புரியும். உணவு தீர்ந்த பெட்டியில் பட்டினி கிடந்து காத்திருக்கும் வழக்கம் அதற்கு இல்லை. முட்டையிடுவது நிற்கும், புழு குறையும், பிறகு ஒருநாள் குடும்பம் முழுவதும் கூட்டை விட்டு ஓடிவிடும். மேலறையிலிருந்து கூடுதலாக எடுத்த ஒரு கிலோ தேனுக்காக, அடுத்த ஆண்டு 6 கிலோ தரக்கூடிய குடும்பத்தை இழப்பது எந்த வகையிலும் கணக்குக்கு ஒத்து வராது.

7. தேனைவிடச் சர்க்கரை மலிவு. எல்லாத் தேனையும் எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு கொடுத்தால் லாபம்தானே?

தாளில் எழுதிப் பார்த்தால் லாபமாகத்தான் தெரியும். ஆனால் மூன்று செலவுகள் அந்தக் கணக்கில் விடுபடுகின்றன. பாகை வாங்கி, மாற்றி, மூடி வைக்கும் உழைப்பு தேனீயினுடையது. அதைச் செய்யும் தேனீக்கள் விரைவில் மூப்படைகின்றன. மழை நாளில் நீங்கள் தோட்டத்துக்குப் போக முடியாத ஒரு வாரம் வந்தால், பெட்டிக்குள் இருப்பு இல்லாத குடும்பம் அந்த வாரமே சரிந்துவிடும். மேலும், பாகில் இனிப்பு மட்டுமே உண்டு. தேனில் உள்ள மற்றச் சத்துகள் இல்லை.

பாகு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. நம் பகுதியின் நீண்ட மழைக்காலத்தில் அது பெரும்பாலோருக்குத் தேவைப்படுகிறது. ஆனால் அது விட்டுவைத்த தேனுக்குத் துணையாக இருக்க வேண்டுமே தவிர, அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது.

8. பாகு எவ்வளவு, எப்படி, எந்த நேரத்தில் கொடுப்பது?

ஒரு குடும்பத்துக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை என்பது வழக்கமான பரிந்துரை. தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, அதே எடை வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து, நன்றாக ஆறிய பின் கொடுக்க வேண்டும். வெல்லமும் கருப்பட்டியும் தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். அவற்றைக் கொடுக்க வேண்டாம். சிரட்டையில் பாகை ஊற்றி, தேனீ மூழ்காமல் உட்கார்வதற்குச் சில குச்சிகளை இட்டு, மேலறைக்குள் வைத்து மூடிவிடலாம்.

அந்தி சாய்ந்த பிறகு, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். பகலில் கொடுத்தாலோ வெளியே சிந்தினாலோ வலுவான குடும்பங்கள் வலுக்குறைந்த பெட்டியைக் கொள்ளையடிக்கத் தொடங்கும். தொடங்கிய கொள்ளையை நிறுத்துவது மிகக் கடினம். வலுக்குறைந்த பெட்டியின் வாயிலை முன்கூட்டியே சுருக்கி வையுங்கள். பெட்டிக் கால்களின் கீழுள்ள எறும்புக் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

9. நான் கொடுத்த பாகு தேனில் கலந்துவிடாதா? பிறகு கலப்படம் என்று சொல்லிவிடுவார்களே?

தவறான காலத்தில் கொடுத்தால் கலக்கும். அப்போது அது கலப்படமே, நோக்கம் எதுவாக இருந்தாலும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பொதுவாகத் தேனில் சுக்ரோஸ் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தேன் அறையை ஏற்றுவதற்கு முன்பே பாகை நிறுத்திவிட வேண்டும். தேன் அறையில் விற்பனைக்கான தேன் சேரும் காலத்தில் ஒரு சிரட்டைப் பாகும் உள்ளே போகக் கூடாது.

பஞ்சகாலத்தில் மேலறையில் பாகைச் சேர்த்து வைத்த அடைகள் தை மாதத்தில் எஞ்சியிருந்தால், அவற்றை அடையாளமிட்டு எடுத்து வலுக்குறைந்த குடும்பங்களுக்கு உணவாகக் கொடுத்துவிடலாம். இயந்திரத்தில் இட்டு விற்பனைத் தேனோடு சேர்க்கக் கூடாது.

10. எங்கள் தேனில் ஈரம் 24 சதவீதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுத்தமான தேன்தானே, ஏன்?

தூய்மை வேறு, பதம் வேறு. விதிப்படி ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போகும் தேனில் இயற்கையாகவே இருக்கும் நொதிப்பூஞ்சைகள் பெருகி, தேன் புளிக்கும் வாய்ப்பு மிகுதி. 24 சதவீத ஈரமுள்ள 100 கிலோ தேனில் 76 கிலோவே திடப்பொருள். அதை 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது 95 கிலோ. அவசரப்பட்டு எடுத்ததில் கூடியதாகத் தெரிந்த 5 கிலோவும் தண்ணீரே. அந்தத் தண்ணீருக்கு யாரும் விலை தர மாட்டார்கள். அதை நீக்கும் செலவையும் உங்கள் விலையிலிருந்தே கழிப்பார்கள்.

ரப்பர் தேன் இயல்பிலேயே சற்று ஈரம் கூடியது என்பதால், நான்காம் விடையில் சொன்ன முக்கால் பங்கு மூடல் விதியை நாம் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். ஐந்தாறு வளர்ப்பாளர்கள் சேர்ந்து ஓர் ஒளிவிலகல்மானியை வாங்கி வைத்துக்கொண்டால், ஒரு துளித் தேனில் ஈரத்தை அங்கேயே அளந்துவிடலாம். ஈரம் மிகுந்ததையும் குறைந்ததையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிவிடாமல், அளந்து தனித்தனியே வைப்பதே இருப்பு நிர்வாகத்தின் தொடக்கம். ஈரம் கூடிய தேனை, ஈரம் நீக்கும் இயந்திரம் உள்ள பதப்படுத்தும் நிலையத்துக்கு உடனே கொடுத்துவிட வேண்டும்.

11. அப்படியானால் அடுப்பில் வைத்துக் காய்ச்சி வற்றவைக்கலாமா?

நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. தேன் கருகும், மணம் போகும், நொதிகள் அழியும், எச்.எம்.எஃப். எனப்படும் பொருள் பெருகும். விதிகள் அதற்குக் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. சூடாக்கிய தேனையும் பழைய தேனையும் ஆய்வுக்கூடம் கண்டுகொள்வதற்கு அதுவும் ஒரு வழி.

வடிகட்டுவதற்காக என்றால், பெரிய பாத்திரத்துத் தண்ணீருக்குள் தேன் பாத்திரத்தை வைத்து 45 டிகிரி அளவுக்கு இளஞ்சூடாக்கினால் போதும். புளிப்பைத் தடுக்க வேண்டுமென்றால் அதே முறையில் 60 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து விரைவாக ஆறவிடலாம். இரண்டுக்கும் வெப்பமானி கட்டாயம். இந்தச் சூடு நொதிப்பூஞ்சையை அழிக்கும்; ஈரத்தைப் பெரிதாகக் குறைக்காது என்பதை மறக்க வேண்டாம்.

12. எந்தப் பாத்திரத்தில் சேமிப்பது? பழைய எண்ணெய் டின் இருக்கிறது.

எண்ணெய் டின் வேண்டாம். தேன் அமிலத்தன்மை உடையது. துத்தநாகம் பூசிய தகரம், செம்பு, பித்தளை ஆகியவற்றை அது அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, உணவுத்தர பிளாஸ்டிக் கேன் ஆகியவை ஏற்றவை. பாத்திரம் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தைத் தேன் இழுத்துக்கொள்ளும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஆடி மழையில் மூடி தளர்ந்திருந்த கேனின் மேல்பகுதி மட்டும் முதலில் புளிப்பது இதனால்தான்.

வடிகட்டிய தேனை இரண்டு மூன்று நாட்கள் அசையாமல் வைத்தால் மெழுகுத் துகளும் நுரையும் மேலே திரளும். அவற்றை நீக்கிய பின் நிரப்புங்கள். ஒவ்வொரு கேனிலும் எடுத்த நாள், தோட்டம், ஈரப்பதம், எடை ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள்.

13. தேன் அடியில் சர்க்கரைபோல் உறைந்துவிட்டது. கலப்படம் என்று வாங்கியவர் சண்டைக்கு வருகிறார்.

உறைவது தேனின் இயல்பு. தேனிலுள்ள குளுக்கோஸ் மணிமணியாகப் பிரிவதே உறைதல். ரப்பர் தேன் விரைவில் உறையும் வகையைச் சேர்ந்தது. குளிர்ந்த இடத்தில் இன்னும் விரைவாக உறையும். ஆகவே குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள். பாட்டிலை 40 முதல் 45 டிகிரி வெந்நீரில் வைத்தால் மெல்லக் கரைந்துவிடும்.

விற்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. சேமிப்பவர் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு: குளுக்கோஸ் உறைந்து பிரிந்ததும் மேலே நிற்கும் திரவத்தில் ஈரம் கூடுகிறது. அரைகுறையாக உறைந்த, ஈரம் மிகுந்த தேன்தான் எளிதில் புளிக்கிறது. இருப்பில் அப்படிப்பட்டது தெரிந்தால் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.

14. நீரில் இட்டால் கரையாமல் அடியில் இறங்கும், எறும்பு வராது, திரியில் தொட்டால் எரியும் என்கிறார்களே, இவற்றை நம்பலாமா?

நம்ப முடியாது. அடர்த்தியான சர்க்கரைப் பாகும் நீரின் அடியில்தான் இறங்கும். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். இந்தச் சோதனைகளில் ஈரம் கூடிய தூய தேன் தோற்றுப்போகும். திறமையாகச் செய்த கலப்படம் வென்றுவிடும். உறுதி வேண்டுமென்றால் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே வழி. வாடிக்கையாளர் முன் இந்த வித்தைகளைச் செய்துகாட்டி விற்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இன்று உங்களுக்குச் சாதகமாக வரும் சோதனை நாளை உங்கள் தூய தேனையே பொய்யாக்கும்.

15. கிலோவுக்கு விற்பதா, லிட்டருக்கு விற்பதா? கணக்கு இடிக்கிறது.

எடையில்தான் விற்க வேண்டும். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ எடை வரும். ஆகவே 750 மில்லி பாட்டில் நிறையத் தேன் ஊற்றினால் அது ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். கிலோ விலையை லிட்டர் விலை என்று எண்ணிக் கேனை நிரப்பிக் கொடுப்பவர், லிட்டருக்கு 400 கிராம் தேனை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். பதிவேட்டிலும் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் கிலோவிலேயே எழுத வேண்டும்.

16. இருபது பெட்டி வைத்திருக்கிறேன். எடுத்த தேனில் எவ்வளவை உடனே விற்பது, எவ்வளவை வைத்திருப்பது?

இருபது பெட்டிக்கும் சராசரி 8 கிலோ கிடைத்ததாகக் கொண்டால் 160 கிலோ. முதலில் செலவைக் கணக்கிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏறத்தாழ 17 வாரம். எட்டாம் விடையில் சொன்ன அளவில் 20 குடும்பங்களுக்கு 68 கிலோ சர்க்கரை வேண்டும். அத்துடன் அடுத்த ஆண்டுக்கான சட்டங்கள், பழுதுபார்ப்பு, பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்ற வண்டிக்கூலி ஆகியவற்றையும் கூட்டி, அந்தத் தொகைக்கு வேண்டிய தேனை வரத்துக் காலத்திலேயே விற்றுவிடலாம். எல்லோரும் விற்கும் மாதத்தில் விலை தாழ்ந்துதான் இருக்கும். ஆனாலும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ மொத்த வியாபாரிக்கோ கொடுக்கும் இந்தப் பகுதியில் ஈரம் கூடிய தேன் முதலில் வெளியேறிவிடும் என்பது பெரிய நன்மை. பலருக்கு இது பாதியளவு, அதாவது 80 கிலோ வரை வரும்.

மீதியில் ஈரம் மிகக் குறைந்த 60 கிலோவைச் சில்லறை விற்பனைக்கு மாதவாரியாகப் பிரித்து வைக்கலாம். எஞ்சிய 20 கிலோ வீட்டுக்கும் நெருக்கடிக்கும். நெருக்கடி என்று நான் சொல்வது, அடுத்த ஆண்டு வரத்து தவறினால் பழைய வாடிக்கையாளர்களை இழக்காமல் வைத்துக்கொள்வதற்கான இருப்பையும் சேர்த்துத்தான். சர்க்கரைக்கான பணத்தை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனியே வைத்துவிடுங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதச் செலவில் அந்தப் பணம் கரைந்துபோய், ஆடியில் பெட்டிகள் காலியாவது ஆண்டுதோறும் நடக்கிறது. குடும்பத்தின் நெருக்கடியை நான் குறைத்து எண்ணவில்லை, அதனால்தான் மார்ச்சிலேயே ஒதுக்கச் சொல்கிறேன்.

பாட்டிலில் அடைத்து விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைப் பெற்றுக்கொள்ள வேண்டும். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சீட்டில் அச்சிடுவதற்கு, அதற்கான முறைப்படி அனுமதி பெற்ற பயனராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

17. தேன் கெடவே கெடாது என்கிறார்களே, எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைக்கலாமா?

பதமான தேன் எளிதில் அழுகாது என்பது சரி. மாறாமல் இருக்கும் என்பது சரியன்று. நம் ஊர் வெப்பத்தில் மாதங்கள் செல்லச் செல்ல நிறம் கருக்கும், மணம் குறையும், பதினோராம் விடையில் சொன்ன எச்.எம்.எஃப். ஏறிக்கொண்டே போகும். தகரக் கூரையின் கீழ் வைத்த தேன், ஓட்டு வீட்டின் உள்ளறையில் வைத்ததைவிட விரைவாக மூப்படையும். வெளிச்சம் படாத, குளிர்ச்சியான, உலர்ந்த அறையில் வைத்து, முதலில் எடுத்த கேனை முதலில் விற்று, ஓராண்டுக்குள் இருப்பைச் சுழற்றிவிடுவது நல்லது.

18. கேனைத் திறந்தால் நுரையும் புளித்த வாடையும் வருகிறது. தேனீக்கே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கூடாது. புளித்த தேன் தேனீக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். நல்ல தேனோடு கலந்து சரிக்கட்டவும் வேண்டாம், முழுவதும் புளித்துவிடும். அந்தக் கேனைத் தனியே ஒதுக்கி, அதன் சீட்டில் எழுதியதைப் பார்த்து, அதே நாளில் அதே தோட்டத்தில் எடுத்த மற்றக் கேன்களை உடனே சோதித்துப் பாருங்கள்.

19. காலியான தேன் அடைகளைப் பெட்டியிலேயே விட்டுவிடலாமா?

தேனீக்கள் மூடி நிற்கும் அளவுக்கு மட்டுமே அடைகளை விட வேண்டும். ஆள் இல்லாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு, மழைக்காலத்துக்குள் அதை வலையும் எச்சமுமாக ஆக்கிவிடும். எஞ்சிய அடைகளைத் தேனீக்களிடமே சுத்தமாக நக்கவிட்டு எடுத்து, காற்றுப் புகாத பெட்டியில் அடுக்கி, கந்தகப் புகையிட்டு மூடி, இடையிடையே பார்த்து வாருங்கள். அடுத்த தை மாதத்தில் கட்டி முடித்த அடைகள் தயாராக இருந்தால், மெழுகு சுரக்கச் செலவாகும் தேன் அத்தனையும் அடையில் சேரும். ஆகவே இந்த அடைகளையும் தேனைப் போலவே இருப்பாகக் கருதிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

20. கைக்குழந்தைக்கு நாக்கில் தேன் தொட்டுவைக்கலாமா? வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள்.

ஒரு வயது நிறையும் வரை ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. எவ்வளவு தூய தேனிலும் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை உண்டாக்கும் நுண்ணுயிரியின் வித்துகள் இருக்கக்கூடும். குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சுவதாலும் அந்த வித்துகள் அழிவதில்லை. தேன் விற்பவர் இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பாட்டில் சீட்டிலும் அச்சிடுங்கள்.

21. நோய் வந்து ஒரு குடும்பம் அழிந்துவிட்டது. பெட்டியில் தேன் இருக்கிறது. அதை என்ன செய்வது?

எந்த நோய் என்று முதலில் தெரிய வேண்டும். 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியா முழுவதும் பரவி நம் மாவட்டத்துப் பெட்டிகளில் மிகப் பெரும்பகுதியை அழித்த தாய்சாக்புரூட் நச்சுயிரி நோய் இன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. புழுக்கள் அறைக்குள் நிமிர்ந்த நிலையில், நீர் நிறைந்த பைபோல் உப்பி இறந்திருப்பது அதன் அடையாளம். அந்த நோய் மனிதரைத் தாக்காது. மேலறையில் முறையாக மூடியிருக்கும் தேனை எடுத்து உண்ணலாம். மருந்து தெளித்த தோட்டத்தில் தேனீக்கள் கொத்தாக இறந்திருந்தால் நிலைமை வேறு. அந்தத் தேனை விற்கவும் கூடாது, உண்ணவும் கூடாது.

நோய்ப்பெட்டித் தேனை மற்றக் குடும்பங்களுக்கு உணவாகக் கொடுப்பதும், அந்த அடைகளை வேறு பெட்டிக்கு மாற்றுவதும், இயந்திரத்தில் சுற்றிய அடைகளை வெளியே வைத்துத் தேனீக்களை நக்கவிடுவதும் நோயைத் தோட்டம் முழுவதும் பரப்பும் செயல்கள். பெட்டி காலியானது தெரிந்த அன்றே வாயிலை அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் குடும்பங்கள் அந்தத் தேனைக் கொள்ளையடித்து நோயையும் சேர்த்தே கொண்டுபோகும். புழு அறை அடைகளை உருக்கியோ எரித்தோ அழித்து, பெட்டியைச் சோப்புநீரில் கழுவி வெயிலில் நன்கு காயவைத்த பிறகே மறுபடி குடியேற்ற வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த தேனைக் கடைசியாகச் சுற்றி, தனிக் கேனில் ஊற்றி, இயந்திரத்தை வெந்நீரால் கழுவிவிடுங்கள்.